ஹெட்போன் துளையில் நான் வைத்த கிரீஸ்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். காசிமேட்டில் ஒரு விசைப்படகின் இன்ஜின் நின்றுவிட்டால் படகுக்காரர் முதலில் கடவுளைக் கூப்பிடுவார், அடுத்து என்னைக் கூப்பிடுவார். கடவுள் எடுக்க நேரமாகும். நான் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் அழுத்தி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த நாசில் அடைத்திருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடுவேன். படித்துவிட்டு வந்தவர்கள் கம்ப்யூட்டரை மாட்டி அரை நாள் பார்த்துவிட்டு நான் சொன்னதையேதான் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் அதற்குப் பெயர் ரிப்போர்ட்.

இப்படிப்பட்ட நான் ஒரு மத்தியானம் ஒரு துளையிடம் தோற்றேன். பெரிய துளை இல்லை. கொத்தவரங்காய் கூட நுழையாது. என் மருமகளின் லேப்டாப்பில் ஹெட்போன் சொருகுகிற துளை.

மருமகள் நர்ஸ் படிப்பு படித்தவள். அவள் அப்பா தென்மாவட்டத்திலிருந்து வந்து கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். அவள் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' வரும். எங்கள் வீட்டில் அந்த 'ங்க'வைக் கேட்டு முதல் ஆறு மாதம் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம், விருந்தாளி யாராவது வந்திருக்கிறார்களா என்று. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டாள். ஷிப்ட் மாறி மாறி வரும், குழந்தைக்குச் சரிவராது. ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தாள். அந்த ஒன்றரை வருடமும் அவள் முகம் கரையில் ஏற்றி வைத்த படகு மாதிரி இருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஓடாத எதைப் பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

அப்புறம் அவளாகவே ஒரு வேலையைத் தேடிப் பிடித்தாள். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு அப்படியே தட்டச்சு செய்யவேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம், பகல் நேரம்தான். அதற்கு ஒரு தேர்வு. மத்தியானம் மூன்று மணிக்குத் திறக்கும், கால் மணி நேரத்துக்குள் உள்ளே போகவேண்டும், ஒரே ஒரு முறைதான். ஒயர் வைத்த ஹெட்போன்தான் போடவேண்டும். அவளுடைய லேப்டாப்பில்தான் எழுத முடியும், ஏனென்றால் அதில்தான் முகத்தைக் காட்டிப் பதிவு செய்திருந்தாள். பக்கத்தில் யாராவது பேசினாலோ பெரிய சத்தம் கேட்டாலோ மைக் பிடித்துக்கொண்டு எச்சரிக்கும். இரண்டு முறை பொறுக்கும். மூன்றாவது முறை தேர்வு தானாக மூடிக்கொள்ளும். போனால் போனதுதான். இதற்காக மூன்று மாதம், குழந்தை தூங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து பயிற்சி எடுத்தாள்.

தேர்வு நாளன்று பன்னிரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிப் பார்த்தவள், கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.

"மாமா, ஒரு காதுலதாங்க கேக்குது. அதுவும் கரகரன்னு கேக்குது."

மகனைக் கேட்கலாம் என்றால் அவன் துறைமுகத்தில் கிரேன் மேலே இருக்கிறான். டியூட்டியில் போனை எடுக்கமாட்டான். எடுத்தாலும் என்ன செய்வான்? அவனுக்கு மேலே தூக்கத் தெரியும், கீழே வைக்கத் தெரியும்.

"நவுருமா," என்றேன்.

முதலில் நான் செய்தது சரியான வேலை, அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். கோளாறு ஹெட்போனிலா, துளையிலா என்று பார்க்கவேண்டும். என் போன் புதுசு, அதில் அந்தத் துளையே கிடையாது. என் மனைவியின் பழைய போனில் இருக்கிறது. அதில் சொருகி ஒரு பாட்டைப் போட்டேன். இரண்டு காதிலும் கணீரென்று கேட்டது. ஆகவே ஹெட்போன் நல்லது, துளைதான் கெட்டது. இன்ஜினிலும் இதே வழிதான். சந்தேகப்படுகிற பாகத்தை நல்ல இடத்தில் மாட்டிப் பார். இதை எந்தக் கல்லூரியிலும் நான் படிக்கவில்லை.

அடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ தெரிந்தது. லேப்டாப்பை நிறுத்திவிட்டுப் பல்குச்சியால் மெல்ல எடுத்தேன். குழந்தையின் போர்வை நூலும் ஒரு எறும்பும் வந்தன. எறும்பு செத்திருந்தது. திரும்பவும் போட்டுப் பார்த்தால் கரகரப்பு குறைந்திருந்தது, ஆனால் இடது காது இன்னும் ஊமை. உள்ளே தகடு பச்சை பூத்திருந்ததையும் பார்த்தேன். ராயபுரத்தில் கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. உப்புக் காற்று எங்கள் கேட்டைத் தின்றது, ஃபேனைத் தின்றது, மாடிக் கம்பியைத் தின்றுகொண்டிருக்கிறது. லேப்டாப்பை மட்டும் விட்டுவைக்குமா?

உப்புக்கு எங்கள் தொழிலில் ஒரே மருந்து கிரீஸ். படகில் பேட்டரி முனையா, ஹாரன் ஒயரா, விளக்கு ஹோல்டரா, எதை மாட்டினாலும் ஒரு சொட்டு மரைன் கிரீஸ் வைத்துத்தான் மாட்டுவோம். வைக்காமல் மாட்டுகிறவனை மெக்கானிக் என்று நாங்கள் சொல்லமாட்டோம். டப்பாவை எடுத்தேன். தீக்குச்சி முனையில் கொஞ்சம் தொட்டு, துளைக்குள் விட்டு, நாலு சுற்று சுற்றினேன். கை தாராளமானது, அதனால் கொஞ்சம் அதிகமாகவே போயிருக்கும்.

ஹெட்போனைச் சொருகினோம். இரண்டு காதும் ஊமை.

சரி, கழற்று என்றேன். கழற்றினாள். லேப்டாப்பிலிருந்தே பாட்டு வரவேண்டும் இல்லையா? அதுவும் வரவில்லை. திரையில் ஹெட்போன் படம் போட்டு, ஹெட்போன் மாட்டியிருக்கிறது என்று அது சாதித்தது. மாட்டவே இல்லையம்மா என்றால் கேட்கிற ஜாதியா அது? மருமகள் அணைத்துப் போட்டாள், சத்தத்தைக் கூட்டினாள், எதையெதையோ தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அரைக் காது கேட்டுக்கொண்டிருந்த லேப்டாப் இப்போது முழுச் செவிடு.

"மாமா, உள்ள என்னங்க வெச்சீங்க?"

"கிரீஸ்மா."

அவள் ஹெட்போன் ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். அவளுக்கும் சேர்த்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த என் மனைவி சொன்னாள்.

"யோவ், அது இன்னா படகா? அத்தோட வுட்டியே, டீசல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலியா?"

"நீ கம்முனு கெட."

"நான் கம்முன்னுதான் கீறேன். பேச வேண்டியது அது, அத்த நீ கம்முன்னு ஆக்கிட்ட."

பக்கத்துத் தெருக் கடைக்காரன் லேப்டாப் என்றதும் கும்பிடு போட்டான். போன் மட்டும்தானாம். தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு அம்மா லேப்டாப் பார்க்கிறார் என்று அவனே சொன்னான். ஸ்கூட்டரை எடுத்தேன். மருமகள் லேப்டாப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழி முழுக்க நான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு முறை நடுக்கடலில் கியர்பாக்ஸை நைலான் கயிறு வைத்துக் கட்டிக் கரை சேர்த்த கதையைச் சொன்னேன். அவள் மணி என்ன என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள்.

அந்தக் கடை ஒரு ஆள் அகலம், ஒன்றரை ஆள் நீளம். பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள். கடைக்கார அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி கட்டியிருந்தார். லேப்டாப்பைத் திருப்பி, துளையைப் பார்த்து, பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கித் திரும்பவும் பார்த்தார்.

"இன்னாம்மா இது கலீஜா கீது? யாரு இதுக்கு அல்வா ஊட்னது?"

மருமகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "தெரியலைக்கா. ஏதோ எண்ணெய் பட்டிருச்சு போல."

என் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னாள். நல்ல பெண். ஆனால் ஏதோ எண்ணெய் என்று சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"ஏதோ எண்ணெயா? மரைன் கிரீஸ்மா அது! உப்புத் தண்ணி கூட கிட்ட வராது."

"கரெக்டு நைனா," என்றார் அந்த அம்மா. "கரண்டும் கிட்ட வராது."

பிறகு எனக்கு விளக்கினார். என்னைவிட நன்றாக விளக்குகிற ஒருவரை நான் பார்த்தது அன்றுதான். அந்தத் துளைக்குள் நாலு தகடுகள் இருக்கின்றன. சின்ன முள் மாதிரி இருக்கும், ஒன்று தொட்டால் வலது காது, ஒன்று தொட்டால் இடது. ஒரு தகடு, பின் உள்ளே வந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற காவல்காரன். ஹெட்போன் வந்ததும் அவன் ஸ்பீக்கரை மூடச் சொல்வான். நான் வைத்த கிரீஸ் அந்தக் காவல்காரன் கண்ணை மூடிவிட்டது. அதனால் ஹெட்போன் இருப்பதாகவே நினைத்து அவன் ஸ்பீக்கரைத் திறக்கமாட்டேன் என்கிறான். படகில் பேட்டரி முனையைத் திருகி இறுக்குகிறோம், இரும்பு இரும்பைக் கடிக்கும், கிரீஸ் ஓரத்துக்குப் போய்விடும். இங்கே கடிக்கிற பலம் கிடையாது, சும்மா தொடுவதுதான். தொடுகிற இடத்தில் கிரீஸ் நின்றால் தொட முடியாது.

ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது எனக்கு. அத்தனை வருஷமும் நான் கடிக்கிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன். அது தொடுகிற இடம் என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் வைத்திருக்கவே மாட்டேன். ஆக, தப்பு முழுக்க என்னுடையது என்று சொல்ல முடியாது.

அந்த அம்மா பல் இடுக்குத் துலக்குகிற பொடிப் பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டு விட்டு எடுத்தார். பிரஷ் கறுப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கடைசியில் வெள்ளையாக வந்தது. ஃபேனுக்கு நேரே வைத்துக் காயவிட்டார். மணி இரண்டேகால். போட்டதும் ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. காவல்காரன் கண்ணைத் திறந்துவிட்டான். ஹெட்போனைச் சொருகினால் வலது காது வந்தது. இடது வரவில்லை.

"உள்ள பத்தவெச்சது வுட்டுப்போச்சு. ஜாக்க மாத்தணும். பார்ட்டு நாளைக்குத்தான் வரும்."

"மூணு மணிக்குப் பரீட்சைக்கா," என்றாள் மருமகள். குரல் உடைந்துவிட்டது. ஒன்றரை வருடத்தில் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

"அழுவாத," என்று அந்த அம்மா இழுப்பறையைத் திறந்து கட்டைவிரல் அளவு ஒரு பொருளை எடுத்தார். ஒரு பக்கம் பென்டிரைவ் மாதிரி, மறுபக்கம் ஹெட்போன் துளை. "இந்த ஓட்ட போனா போவட்டும். பக்கத்து ஓட்டைல இத்த சொருவு. இதுக்குள்ளயே சவுண்டு கார்டு கீது."

பைபாஸ்! நான் எத்தனை படகில் செய்த வேலை! வாயைத் திறந்தேன். மருமகள் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

சொருகியும் சத்தம் வரவில்லை. அந்த அம்மா சிரித்தார். லேப்டாப் திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, வந்த பட்டியலில் புதுசாக இருந்த பெயரைத் தொட்டார். புது வழி இருக்கிறது என்று அதற்கு நாம்தான் சொல்லவேண்டுமாம். அப்புறம் இரண்டு காதும் வந்தன. மருமகள் கண்ணை மூடிக் கேட்டாள். "கேக்குதுக்கா! ரெண்டும் கேக்குது!"

மணி இரண்டு நாற்பது. வெளியே வந்து பார்த்தால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வாலும் தலையுமாக ரோட்டை அடைத்து நின்றன. ஸ்கூட்டர் என்ன, பூனை கூட நுழைய முடியாது. கடைக்கார அம்மாவே சொன்னார்.

"பின்னாடி உக்காந்து எழுதட்டும் நைனா. நான் இன்னிக்கு யாருக்கும் ரிங்டோன் போட்டுக் காட்ட மாட்டேன்."

மருமகள் திரைக்குப் பின்னால் போனாள். பெட்டி மேல் பெட்டி வைத்து மேஜை ஆக்கினோம், போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்தோம். மூன்று மணி மூன்று நிமிஷத்துக்கு உள்ளே போய்விட்டாள். என் வேலை வாசலில் நின்று வடசென்னையை அமைதியாக வைத்திருப்பது. இதைவிடக் கடலை அமைதியாக வைக்கலாம்.

போன் கண்ணாடி மாற்ற ஒருத்தர் வந்தார். ஏன் காத்திருக்கவேண்டும் என்று அவருக்கு மெல்லிய குரலில்தான் சொல்ல ஆரம்பித்தேன். கியர்பாக்ஸ் கதை வரைக்கும் வந்திருப்பேன். திரைக்கு வெளியே மருமகளின் கை நீண்டது. ஒரு விரல். முதல் எச்சரிக்கை. என் தொண்டை கொஞ்சம் கனம். இன்ஜினுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

கடைக்கார அம்மா என் வாயைக் காட்டி, ரிப்பேருக்கு வந்த போனைப் போட்டு மூடுகிற பிளாஸ்டிக் கவரைக் காட்டினார். புரிந்துகொண்டேன்.

பத்து நிமிஷம் கழித்து ஒரு லாரிக்காரன் காற்று ஹாரனை அழுத்தினான். கை நீண்டது. இரண்டு விரல்.

நான் ரோட்டில் இறங்கி அந்த டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். நான் யாரையும் கும்பிடுகிறவன் இல்லை. அவன் பயந்துபோய் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான். திரும்பிக் கடைக்கு வரும்போதுதான் கேட்டது. மார்க்கெட் முனையிலிருந்து சாவு மேளம்.

எங்கள் பக்கத்துச் சாவு மேளத்தைக் கேட்காதவர்களுக்குச் சொல்லி விளங்காது. செத்தவரே எழுந்து ஆடிவிடுவாரோ என்று இருக்கும். முன்னால் பத்துப் பேர் மேளம், நடுவில் ஆட்டம், ஒருத்தன் கையில் சரவெடி, பின்னால் பூ வண்டி. லாரிகளுக்கு ஓரமாக அது இந்தக் கடையை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. இன்னும் ஐம்பது அடி வந்தால் மூன்றாவது விரல். மூன்று மாதமும் போய்விடும். எதனால் போனது என்று வீட்டில் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள், கேட்காமலே பார்ப்பார்கள்.

ஓடினேன். முன்னால் அடித்துக்கொண்டு வந்த மேளக்காரன் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினேன்.

"இன்னா நைனா? சரக்கு கேக்குறியா? முடிஞ்சிபோச்சு."

"மேளத்த நிறுத்து தோஸ்து. அந்தக் கடை தாண்டற வரைக்கும்."

"சாவு மேளத்த நிறுத்தறதா? பொணம் கோச்சுக்கும்."

"பொணத்துகிட்ட நான் பேசிக்கறேன். என் மருமக உள்ள பரீட்சை எழுதிகினு கீது. சத்தம் கேட்டா கம்ப்யூட்டர் மூடிக்கும். அவ்ளோதான், வேலையும் பூடும்."

"இன்னா பரீட்சை?"

"டாக்டர் சொல்றத எழுதற பரீட்சை."

அவன் என்ன புரிந்துகொண்டானோ, திரும்பிக் கையை உயர்த்தினான். "டேய்! டாக்டர் பரீட்சை எய்துதாம்டா! அடக்கி வாசிங்கடா! டேய், வெடிய உள்ள வையி!"

வெடிக்காரன், "நான் கொளுத்தலண்ணா, கைல வெச்சிகினுதான் கீறேன்," என்று முணுமுணுத்துப் பைக்குள் போட்டான். ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த பெண்கள் என்ன ஏது என்று கேட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆடிக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தனுக்கு மட்டும் நிற்கத் தெரியவில்லை. மேளம் இல்லாமலே, சத்தம் போடாமல் ஆடிக்கொண்டு வந்தான்.

கடை வாசலை அந்த ஊர்வலம் கால் சத்தம் மட்டும் கேட்கக் கடந்து போனது. பூ விழுகிற சத்தம் கேட்டது என்றால் நம்புங்கள். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், செத்தது யாரோ பெரிய ஆள் என்று நினைத்து. பூ வண்டி என்னைக் கடந்தபோது பார்த்தேன். எனக்குத் தெரியாத முகம். நான் வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் கிட்டப் போய், "கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா," என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அடுத்த முனை திரும்பியதும் பாக்கி வைத்த அடியையெல்லாம் சேர்த்து அடித்தார்கள்.

திரைப்பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். கை வரவில்லை.

நாலேகாலுக்கு மருமகள் வெளியே வந்தாள். வியர்த்து நனைந்திருந்தாள். காதைச் சுற்றிச் சிவப்பாகத் தடம்.

"முடிச்சிட்டேன் மாமா. கடைசி டாக்டர் மூக்கடைப்போட பேசினாரு, அதுல ரெண்டு வார்த்தை சந்தேகம். மத்ததெல்லாம் சுத்தமா கேட்டுச்சு." பிறகு கேட்டாள். "நடுவுல கொஞ்ச நேரம் வெளிய சத்தமே இல்லையே, என்ன ஆச்சுங்க?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், வீடு வருகிற வரைக்கும். இந்த முறை அவள் மணி கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். சிரிப்பில் ஸ்கூட்டர் ஆடியது.

எட்டு நாள் கழித்து மெயில் வந்தது. தேறிவிட்டாள். இப்போது மாடி அறையில் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் ஐந்துக்குத்தான் எழுந்திருப்பாள். ஜாக்கை மாற்றிவிட்டோம், அந்த அம்மாதான் மாற்றினார். மாடி அறைக்குள் நான் டப்பா எதையும் எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்று என் மனைவி உத்தரவு போட்டிருக்கிறாள்.

போன வாரம் துறைமுகத்தில் ஒரு பெரிய இன்ஜினை நான் காதால் கேட்டே சரிசெய்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லலாம் என்று மாடி ஏறினேன். நல்ல கதை அது. பாதி சொல்லி முடித்த பிறகுதான் அவள் ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"மாமா, டாக்டர் பேசிட்டிருக்காருங்க."

இந்த வீட்டைக் கட்டினவன் நான். எங்கேயோ கடல் தாண்டி ஒரு டாக்டர் யாருடைய குடலைப் பற்றியோ பேசுகிறார் என்பதற்காக என் வீட்டில் நான் வாயை மூடவேண்டும். மூடிக்கொண்டேன். அவர் பேசி முடிக்கட்டும் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.